கட்டாடியாரும் சயன்ஸ் சேரும்: சிரிக்கவைக்கும் பேய் மர்ம நாவல் எழுதுவது எப்படி

மட்டக்களப்புக்கு முதன்முதல் வருகிறவர்களுக்கு வெளியூரில் ஓர் எச்சரிக்கை சொல்லித்தான் அனுப்புவார்கள்: "கவனம், அங்க போனா பாயோட ஒட்டவைச்சிடுவினம்." வந்தவரை மந்திரம் போட்டுப் பாயிலேயே ஒட்டவைத்து, ஊருக்கே மருமகனாக்கிவிடுவோமாம். என் நாவலின் முதல் அத்தியாயம் இந்தப் பயத்தில்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் உத்தியோகத்தர், பெரிய வயற்காணிக்காரரான போடியார் வீட்டுத் திண்ணையில் விரித்த பாயைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கி, "எனக்கு முழங்கால் வருத்தம், கதிரை ஒண்டு தாங்கோ" என்கிறார். கதிரை வருகிறது. அன்று விடியத்தான் வார்னிஷ் அடித்த கதிரை. மனுசன் நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பப் பார்க்கிறார். ஏலவில்லை.

வார்னிஷ் டின் அந்த அத்தியாயத்தின் இரண்டாவது வரியிலேயே வந்துவிடும். திண்ணை ஓரத்தில் மூடி திறந்தபடி கிடக்கும், ஒரு கோழி அதைச் சுற்றிப் போகும். வாசிக்கிறவர் கோழியைப் பார்ப்பார், டின்னை மறந்துவிடுவார். பேய், மர்மம், சிரிப்பு மூன்றையும் ஒரே நாவலில் கட்டப் பார்க்கிறவர்கள் முதலில் இப்படி ஒரு பக்கக் காட்சி ஒன்றை எழுதிப் பழகுங்கள். பயம் ஊரிலிருந்து வரட்டும், காரணம் கண்முன்னே கிடக்கட்டும், பயந்தவர் தப்பிக்கப் போட்ட திட்டமே அவரை மாட்டிவிடட்டும். அது கைவந்தபிறகு 200 பக்கம் எழுதலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு 63 வயது. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அப்பா வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கண்ணகை அம்மன் கோயிலில் கட்டாடியார், அதாவது பூசை செய்கிறவர். பகலில் கொப்பியில் நியூட்டன், இரவில் வீட்டு வாசலில் தண்ணீர் ஓதி வாங்க வந்த சனம் என்றுதான் வளர்ந்தேன். ஓய்வுபெற்ற பிறகு நாவல் எழுத உட்கார்ந்தேன். மூன்று தரம் எழுதினேன். முதல் இரண்டு தரமும் ஏன் பிழைத்தது என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

மூளையைச் சமமாகப் பங்கிடுங்கள்

முதல் தரம் எழுதியதில் சயன்ஸ் சேர், அதாவது விஞ்ஞான வாத்தியார், ஒருவர் துப்பறிந்தார். ஊரில் எது நடந்தாலும் அவர் வந்து விளக்குவார், கட்டாடியார் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். என் மருமகள் வாசித்துவிட்டு, "மாமி, இது ஓ.எல். பேப்பர்ல பேயை ஒட்டினமாதிரி இரிக்கு" என்றாள். கோபம் வந்தது. திரும்ப வாசித்தபோது அவள் சொன்னது சரி.

இரண்டாவது தரம் ஆத்திரத்தில் மறுபக்கம் போனேன். எல்லாம் பூதம் செய்தது, சேர் முட்டாள். கடைசி அத்தியாயத்தில் கட்டாடியார் கண்ணை மூடினார், அம்மன் வந்து கள்ளனின் பெயரைச் சொன்னாள், கதை முடிந்தது. அப்பாவின் கோயிலை உயர்த்தி வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கட்டாடியாரை ஒரு ரேடியோப் பெட்டியாக்கியிருந்தேன். அவர் எதையும் யோசிக்கவில்லை, வந்ததை ஒலிபரப்பினார். அவ்வளவுதான்.

ஆகவே நான் கண்ட ஒரே ஒரு விதி: விஞ்ஞானம் பேசுகிறவருக்கும் சமயம் பேசுகிறவருக்கும் ஒரே அளவு மூளையும் ஒரே அளவு மடத்தனமும் கொடுங்கள். இருவரும் சரியாக யோசிக்கட்டும், இருவரும் ஓரிடத்தில் வழுக்கி விழட்டும்.

இது நானாகக் கற்பனை செய்ததில்லை. எங்கள் வாவியைப் பாருங்கள். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தண்ணீருக்குள்ளிருந்து இசை கேட்கும் என்பது ஊரறிந்த கதை. பாடும் மீன் என்று பெயரும் வைத்துவிட்டோம். 1848 செப்டெம்பரில், கொழும்பில் பெரிய பதவியிலிருந்த எமர்சன் டெனன்ட் என்ற துரை இங்கே வந்து இரவில் தோணியில் போய்க் கேட்டார். அது ஒரு வகை ஊரி அழுகிற சத்தம் என்று மீன்பிடிக்கிறவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அவரும் ஏதோ ஓட்டுப் பிராணியாக இருக்கலாம் என்று ஊகித்து எழுதிவைத்தார். பிற்காலத்தில் அந்த ஒலியை மெசின் வைத்துப் பதிவுசெய்தவர் யார்? புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் என்ற யேசுசபைப் பாதிரியார். அதே வாவியில் நீரரமகளிர் பாடுகிறார்கள் என்று பாட்டு எழுதியவர் யார்? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அடிகள் 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர், துறவியாகுமுன் விஞ்ஞானம் படிப்பித்தவர், 1947இல் யாழ் நூலில் பழைய யாழ்களின் நரம்புகளுக்குச் சுருதிக் கணக்குப் போட்டுக் காட்டியவர்.

மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தது பாதிரியார், நீர்மகளிரைக் கண்டது பி.எஸ்ஸி.க்காரர். உங்கள் பாத்திரங்களை வகுக்கும்போது இதை ஞாபகத்தில் வையுங்கள்.

எனக்கு 11 வயதிருக்கும், அப்பா ஒருநாள் பூரணையில் என்னைத் தோணியில் கூட்டிப்போனார். பழைய பாலத்தின் தூண்களுக்கிடையில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். முதலில் கேட்டது என் காதுக்குள்ளேயே இரைகிற இரைச்சல். பிறகு தோணிப் பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம். மறுகா, இரண்டுக்கும் கீழே, யாரோ ஒரு தந்தியைச் சுண்டிவிட்டு உடனே விரலால் பொத்தினமாதிரி ஒன்று. அப்பா, "கேட்டுதா?" என்றார். "மீனா அப்பா?" என்றேன். "கேட்டுதா எண்டுதான் கேட்டன்" என்றார். என் நாவலின் கட்டாடியாருக்கு வாய் இந்த ஒரு வசனத்திலிருந்துதான் வந்தது. காரணம் கேட்குமுன் கண்டதையும் கேட்டதையும் சரிபார்க்கிற மனுசன் அவர். சயன்ஸ் சேரைவிட நல்ல விஞ்ஞானி என்றுகூடச் சொல்லலாம்.

களவை ஒரு கணக்காகப் போடுங்கள்

மர்மத்துக்கு மையமாக எண்ணக்கூடிய, நிறுக்கக்கூடிய ஒரு பொருளை வையுங்கள். கண்ணீர், நிழல், குளிர்காற்று என்று போனால் வாசகருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. நான் நெல்லை வைத்தேன்.

கதை 1978 மார்ச்சில் நடக்கிறது. எங்களூரில் கிழவர்கள் வயது சொல்வது '57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா, '78 சூறாவளிக்கு முந்தியா பிந்தியா என்றுதான். அந்த நவம்பர்ச் சூறாவளிக்கு எட்டு மாதம் முந்தைய ஒரு வெள்ளாமை வெட்டு. அறுவடை மெசின் வருமுன்னான காலம், கைத்தொலைபேசியும் இல்லை. மர்மக் கதை எழுதுகிறவருக்கு இவை இரண்டும் இல்லாதது பெரிய நிம்மதி.

மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கிற காலத்தில், அந்த மிதிகளமான களவெட்டிக்குள் சாதாரணப் பேச்சு கிடையாது. நெல்லைப் பொலி என்பார்கள். மாட்டுக்கும் சாக்குக்கும் கடகத்துக்கும் வேறு வேறு பெயர். பூதங்கள் நின்று கேட்டு நெல்லை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, அவற்றுக்கு விளங்காத ஒரு பாஷை. ஒரு நம்பிக்கை தன் பேய்க்கு எதிராகத் தானே சங்கேத மொழி வைத்திருக்கிறது. எல்லா ஊர் எழுத்தாளருக்கும் கிடைக்காத பொக்கிஷம் இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

என் கதையில் போடியாரின் நெல் களவெட்டியில் ஒரு நிறை, பத்து நாள் கழித்து நெல் வைக்கிற சாலையில் இன்னொரு நிறை. 100 கிலோவுக்கு 12 கிலோ குறைகிறது. ஊர், பூதம் என்கிறது. சயன்ஸ் சேர் சிரிக்கிறார். பள்ளிக்கூட ஆய்வுகூடத்துத் தராசை ஒருவருக்கும் சொல்லாமல் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, 100 கிராம் நெல்லை அடுப்பில் வறட்டி வறட்டி, நிறை மாறாமல் நிற்கும்வரை நிறுக்கிறார். அறுத்த நெல்லில் ஈரம் 20 வீதம், காய்ந்த நெல்லில் 14 வீதம். கணக்குப் பாருங்கள்: 100 கிலோவில் தண்ணீர் 20, காய்ந்த பாகம் 80. அந்த 80 கிலோ, 14 வீத ஈரமுள்ள நெல்லில் 86 வீதமாக இருக்கவேண்டும். 80ஐ 0.86ஆல் வகுத்தால் 93 கிலோ. ஆக ஏறக்குறைய 7 கிலோ தானாகவே காற்றோடு போயிருக்கிறது. சேருக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலடியில் வாங்கில் ஏறிநின்று, "பூதமுமில்ல, கள்ளனுமில்ல, ஆவியாதல்!" என்று அறிவிக்கிறார். குறைந்தது 12 என்பதை அந்த மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறார். மிச்சம் 5 கிலோ எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்பது கட்டாடியார். அவர் வழி வேறு. "ராவெல்லாம் பூதத்துக்கு விளங்காத பேச்சுத்தான் பேசின நாங்க. எந்த மூலையில பொலி கிடக்கு, எப்ப சாக்குல கட்டுற எண்டதெல்லாம் அந்தப் பேச்சிலதான். அப்ப எடுத்தவனுக்கு அந்தப் பேச்சு விளங்கியிருக்கு. பூதமில்ல கா, மனுசன்." சமயத்தின் விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து படிப்படியாக இறங்கி வந்து, மனிதக் கள்ளனில் நிற்கிறார். சேருக்கு 7, கட்டாடியாருக்கு 5. இரண்டையும் கூட்டினால்தான் 12.

காணாமற்போன பள்ளிக்கூடத் தராசும் பூதத்தின் தலையிலேயே விழுகிறது. அதை எடுத்தது யார் என்று தெரிந்த ஒரே ஆளால் வாய் திறக்கவும் ஏலாது. சிரிப்பு தேவைப்பட்ட இடத்திலெல்லாம் அந்தத் தராசு எனக்கு உதவியது. விஞ்ஞானத்தை நிலைநாட்ட வந்தவர் தானே ஒரு மூடநம்பிக்கையைப் பாதுகாக்க வேண்டிய நிலைக்கு வந்து, "தராசு விசயத்தில மட்டும் பூதமாயும் இருக்கலாம்" என்று முனகுகிற இடத்தை எழுதும்போது நானே சிரித்தேன்.

ஒரு பாதிரியாரின் சட்டம்

ஆங்கிலத்தில் துப்பறியும் கதைக்கு 1929இல் பத்துக் கட்டளைகள் எழுதியவர் ரொனால்ட் நொக்ஸ். அவர் கத்தோலிக்கக் குரு. அவருடைய இரண்டாவது கட்டளை, அமானுஷ்ய சக்திகளுக்கு இந்தக் கதையில் இடமே கிடையாது என்பது. கோயில்காரரே கதவைச் சாத்திவிட்டார். மறுபக்கம், தருக்கத்துக்கே பேர்போன துப்பறிவாளர் ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் ஒரு வைத்தியர். அவர் ஆவிகளோடு பேசலாம் என்று மேடை மேடையாகப் பேசினார். இரண்டு சிறுமிகள் கடதாசியில் வெட்டி நிறுத்திய தேவதைகளின் படங்களை 1920இல் உண்மையென்று எழுதினார். அந்தப் பெண்கள் கிழவிகளான பிறகு, 1983இல்தான் அது விளையாட்டு என்று ஒப்புக்கொண்டார்கள்.

நொக்ஸின் இரண்டாவது கட்டளையை நாம் மீறத்தான் போகிறோம், நமக்கு வேறு வழியில்லை. ஆனால் ஆறாவதை மீறாதீர்கள். துப்பறிகிறவருக்குத் தற்செயல் உதவக்கூடாது, காரணம் சொல்லமுடியாத உள்ளுணர்வும் உதவக்கூடாது. எங்கள் பாஷையில் சொன்னால், அம்மன் கனவில் வரலாம், தாராளமாக வரட்டும். ஆனால் கள்ளனின் பெயரைச் சொல்லக்கூடாது. "பொலியைத் திரும்ப அளந்து பார்" என்று சொல்லலாம். அளப்பது பாத்திரத்தின் வேலை.

எந்தப் பேய்?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம். எங்கள் மாவட்டத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோன பிள்ளைகளின் படங்கள் சுவர்களில் தொங்குகின்றன. அந்தச் சாவுகளில் ஒன்றை எடுத்துச் சிரிப்புப் பேயாக்க வேண்டாம். சட்டமாகச் சொல்லவில்லை, என்னால் ஏலாது. ஆளாக இருந்த பேய் வேண்டுமென்றால் 100 வருடத்துக்கு அப்பால் போங்கள், அல்லது பூதம்போல ஒருபோதும் மனுசராக இருந்திராத ஒன்றை எடுங்கள்.

அடுத்தது, பேய்க்கும் மார்க்கம் உண்டு. இது தெரியாமல் எழுதினால் எங்களூர்ச் சனம் மூன்றாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடும். நான் ஒரு அத்தியாயத்தில் செத்துப்போன முதலாளி ஒருவரை ஜின்னாக உலவவிட்டிருந்தேன். காத்தான்குடியில் என்னோடு படிப்பித்த டீச்சர் ஒருவர் வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், மௌத்தாப்போனவர் ஜின்னா வாறதில்ல. ஜின் வேறொரு படைப்பு. புகையில்லாத நெருப்பால படைச்சதெண்டு குர்ஆன்ல இரிக்கு. அதுக்கும் பிள்ளைகுட்டி இரிக்கும்." பிள்ளைகுட்டி என்ற சொல்லைக் கேட்டதும் என் அத்தியாயம் செத்து, வேறொன்று பிறந்தது. குடும்பத்தோடு இருக்கிற ஜின்னுக்கு நள்ளிரவில் மனுசர் போடுகிற சத்தம் எவ்வளவு கரைச்சல்! கத்தோலிக்க வீட்டில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். நவம்பர் 2இல் சேமக்காலையில் மெழுகுதிரி எரியும். மெதடிஸ்தக்காரருக்கு அந்த ஸ்தலமே கிடையாது. எங்கள் பக்கம் துர்மரணம் என்றால் வேறு கணக்கு, வேறு கழிப்பு. ஒரே ஒழுங்கையில் ஒரே சத்தத்தைக் கேட்டு நாலு வீடும் நாலு விதமாகக் கதவைச் சாத்துவதை எழுதினால், பகிடிக்கென்று நீங்கள் எதையும் சேர்க்கவேண்டியதில்லை.

நான் எழுதிப் பின்பு வெட்டியெறிந்த ஒன்றையும் தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள். நீண்ட காலம் கச்சேரியே, அதாவது மாவட்ட அரச அலுவலகமே, அந்தக் கோட்டைக்குள்தான் இயங்கியது. அங்கே ஓர் ஒல்லாந்தப் பேய், தன் காணிக் கோப்பைத் தேடி அலைகிறது. கட்டாடியார் வேப்பிலையோடு வருகிறார். பேய் மரியாதையாக மறுக்கிறது: தங்கள் சபை இதையெல்லாம் ஏற்பதில்லை. செத்தவர் ஆவியாக அலைவதையும் சபை ஏற்பதில்லை. ஆகவே தான் இருக்கிறதா இல்லையா என்று அதற்கே சந்தேகம். கச்சேரியில் அதைவிட மோசமான பதில், "நாளைக்கு வாங்க" என்பது. நல்ல பேய்தான், ஆனால் நெல்லோடு ஒட்டவில்லை.

விஞ்ஞானத்தைச் செய்து காட்டுங்கள்

பேய்க்கதையில் பாவிக்கக்கூடிய மெய்யான காரணங்கள் நிறைய உண்டு. நித்திரையில் கனவு காணும் கட்டத்தில் உடம்பின் தசைகள் முடங்கியிருக்கும். அது விலகுமுன் விழிப்பு வந்தால் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தமாதிரி இருக்கும். அமுக்குப் பேய் என்று நாங்கள் சொல்வது இது. 1921இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் ஒரு பேய் வீட்டைப் பற்றி எழுதினார். காலடிச் சத்தமும் உருவங்களும் அந்தக் குடும்பத்தைப் படுத்திய காரணம், பழுதான உலையிலிருந்து வீட்டுக்குள் கசிந்த காபன் மொனொக்சைட்டு. 1998இல் விக் டான்டி என்ற பொறியியலாளர், தன் வேலைத்தலத்தில் தெரிந்த சாம்பல்நிற உருவத்துக்கு ஒரு காற்றாடி எழுப்பிய 19 ஹேர்ட்ஸ் அளவான, காதுக்குக் கேட்காத அதிர்வுதான் காரணம் என்று எழுதினார். அதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை, ஆனால் நாவலுக்கு அரிசி மில் ஒன்று போதும்.

எனக்கு மிகப் பிடித்தவர் விஞ்ஞானி பரடே. 1853இல் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கைவைத்து ஆவி மேசையை நகர்த்துகிறது என்றபோது, அவர் மட்டைகளை மென்மையான பசையால் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கைகளுக்குக் கீழே வைத்தார். மேசை கையை இழுத்தால் கீழ் மட்டை முந்தும், கை மேசையைத் தள்ளினால் மேல் மட்டை முந்தும். மேல் மட்டைதான் முந்தியது. தள்ளியவர்களுக்கோ தாங்கள் தள்ளுவது தெரியாது, ஒருவரும் பொய் சொல்லவில்லை. இதைச் செய்த பரடே தன் சிறிய கிறிஸ்தவ சபையில் மூப்பராக இருந்தவர்.

இவற்றை எழுதும்போது விரிவுரை வேண்டாம். என் சொந்தக் கதை ஒன்று. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று பக்கத்து வீட்டில் பித்தளைத் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தினார்கள். நின்றது. தெருவே வந்து பார்த்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை, ராகுவும் கேதுவும் தங்கள் பாட்டில் இருந்த ஒரு புதன்கிழமை, அதே உலக்கையை இரவல் வாங்கி வந்து என் குசினி நிலத்தில் நிறுத்தினேன். மூன்றாம் தரம் நின்றது. அடிப்பூண் தட்டையாக இருந்து, பாரம் நேராக அதற்கு மேல் விழுந்தால் எந்த நாளும் நிற்கும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நாடியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "பாருங்களன் டீச்சர், ஒரு கிழமையாகியும் அந்தச் சக்தி இன்னும் உலக்கைய விட்டுப் போகல்ல" என்றார்.

இதை அப்படியே நாவலில் போட்டேன். பரிசோதனை சரி, கட்டுப்பாடு சரி, முடிவும் சரி. கடைசி வார்த்தை மட்டும் அக்காவுக்கு. காட்சியை அங்கே நிறுத்திவிடுங்கள். சேர் திரும்ப வாய் திறந்தால் சிரிப்புப் போய்விடும்.

தீமிதிப்பும் அப்படித்தான். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படுவது கண நேரம், அதனால் சுடுவது குறைவு என்பது உண்மை. என் சேர் இதை மஞ்சள் உடுத்து நிற்கும் ஒரு தாயிடம் விளக்குகிறார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களும் வாங்களன் சேர், கரி எல்லாருக்கும் ஒண்டுதானே" என்கிறாள். சேருக்கு உடனே காலில் சேற்றுப்புண் ஞாபகம் வருகிறது.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை

கதை சொல்கிற குரல் எழுத்துத் தமிழிலேயே நடக்கட்டும். பாத்திரங்கள் ஊர்ப் பேச்சில் பேசட்டும். "மறுகா", "கா", "மனே" என்று வருகிற இடங்களுக்கு அடிக்குறிப்புப் போடாதீர்கள். பயமுறுத்துகிற வசனம் எப்போதும் குறுகியதாக, சாதாரண வேலையின் நடுவில் வரவேண்டும். பெத்தா இறால் உடைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "அந்தப் பக்கம் போகாத மனே, அவர் குந்திக்கிட்டு இரிக்கார்" என்று சொன்னால் போதும். யார் குந்திக்கிட்டு இருக்கிறார் என்று அவள் சொல்லக்கூடாது.

வாசித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்ததும் இரண்டு பேருக்குச் சத்தமாக வாசியுங்கள்: ஒருவர் கோயில்காரராகவும் மற்றவர் கணக்குத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும். ஒருவர் சிரிக்க மற்றவர் நிலத்தைப் பார்த்தால் அந்த வரியைக் குறித்துவையுங்கள். எனக்கு அப்படி 14 இடம் வந்தது. ஒன்பதை வெட்டினேன், ஐந்தைப் பிடிவாதமாக விட்டிருக்கிறேன்.

கோயில்காரருக்கு நான் தூரம் போகவில்லை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் கட்டாடியார். மூன்று பின்னேரம் வாசித்தேன். பூதத்தைப் பற்றி, அம்மனைப் பற்றி, கட்டாடியார் வழுக்கி விழுகிற இடத்தைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார். களவெட்டி மண்ணில் பதிந்திருந்த செருப்புத் தடத்தை வைத்து, சூடு மிதிக்க வந்த ஒரு கூலிக்காரனைச் சேர் பிடிக்கிற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு கா. செருப்போட களவெட்டிக்குள்ள எவன் இறங்குவான்? அது கோயில்மாதிரி. வேல செய்யிறவன் செருப்பத் தூரத்தில கழட்டிப்போட்டுத்தான் வருவான்."

"அப்ப அந்தத் தடம்?"

"அது உனக்குத்தான் தெரியும். நீதானே எழுதினநீ."

நான் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். எடுத்தவனுக்குக் களவெட்டிப் பேச்சு தெரியும். ஆனால் களவெட்டி முறை தெரியாது. சொற்களைச் சின்ன வயதில் யாருடைய மடியிலோ இருந்து கேட்டிருக்கிறான், ஒருநாளும் அங்கே இறங்கி வேலை செய்ததில்லை. கூலிக்காரன் தப்பிவிட்டான். போடியார் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒருவர் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை. கடைசி மூன்று அத்தியாயத்தையும் கிழித்துப்போட்டு, அடுத்த நாள் வெள்ளாப்பில் திரும்பத் தொடங்கினேன்.